முதல் மேசையிலேயே முடிந்துவிடும் வழக்கு

சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசு. கூடிப்போனால் 83 ரூபாய் 15 காசு. தேனி பக்கம் தேசிய நெடுஞ்சாலை 45இ, 220 திட்டங்களுக்காக எடுத்த நிலங்களுக்கு அதிகாரிகள் நிர்ணயித்த தொகை இது. நம் ஊர்க் கணக்கில் ஒரு சென்ட் 1,900 ரூபாயிலிருந்து 3,400 ரூபாய்க்குள் வருகிறது. நிலத்துக்காரர்கள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டார்கள். சட்டப்படி நடுவராக உட்கார்ந்த ஆட்சியர் அதே தொகையை உறுதிசெய்தார். மாவட்ட நீதிமன்றம் அதை 645 ரூபாயாக உயர்த்தியது. சென்ட்டுக்கு ஏறக்குறைய 26,000 ரூபாய். சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜூலை 20 அன்று நீதிபதிகள் ஆர்.எஃப்.நாரிமன், பி.ஆர்.கவாய் அமர்வு தீர்ப்பளித்தது: நடுவரின் தீர்ப்பு கெட்டிருந்தால் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம், தொகையைத் திருத்தி எழுத அதிகாரம் கிடையாது. அதே திட்டத்தில் மற்றவர்களுக்கு உயர்ந்த தொகை கிடைத்திருந்ததால், இந்த நிலத்துக்காரர்களின் பணத்தில் மட்டும் நீதிமன்றம் கைவைக்கவில்லை. அவர்கள் தப்பினார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

அடுத்து வந்தவர்களில் ராஜபாளையத்துக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்காரர்களும் உண்டு.

ஒரு சாலை, பல வழக்குகள்

திருமங்கலத்தில் தொடங்கி டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. குற்றாலம் சீசன் கூட்டம், சபரிமலை வண்டிகள், மில்லுக்குப் போகும் பஞ்சு லாரிகள் எல்லாம் இந்த ஒரே பாதையில்தான். இதை ராஜபாளையம் வரை நான்கு வழியாக்கும் வேலை இரண்டு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. திருமங்கலத்திலிருந்து வடுகபட்டி வரை ஒன்று, வடுகபட்டியிலிருந்து தெற்குவெங்காநல்லூர் வரை மற்றொன்று. சாலை வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் புதுச் சாலை போடுவதென்றால் நஞ்சையும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அதன் பாதையில் வரத்தான் செய்யும்.

கட்டுமானத் தகராறு என்றதும் ஒப்பந்ததாரரும் அரசும் மோதிக்கொள்வதுதான் நினைவுக்கு வரும். அந்த மோதலின் வேர் பல சமயம் நிலத்தில் இருக்கிறது. நிலம் கைக்கு வரத் தாமதமானால் இயந்திரம் சும்மா நிற்கும். சும்மா நின்ற நாளுக்கு ஒப்பந்ததாரர் பணம் கேட்பார். விவசாயியின் வழக்கும் கம்பெனியின் வழக்கும் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள்.

ஆட்சியர் மேசையும் நீதிமன்ற மேசையும்

1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி முதலில் நிலம் எடுக்கும் நோக்கத்தைச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வரும். அதன் பிறகு ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள்தான். அடுத்து வரும் 3டி அறிவிக்கையோடு நிலம் மத்திய அரசின் சொத்தாகிவிடும். இழப்பீட்டை நில எடுப்பு அலுவலர் நிர்ணயிப்பார். தொகை போதாதென்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கமாக அந்த நடுவர் மாவட்ட ஆட்சியர். அவர் தீர்ப்பிலும் திருப்தி இல்லையென்றால் 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பாயம், சமரசச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் முதன்மை மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். விருதுநகர் மாவட்டத்துக்கு அந்த நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில், நீதிமன்றம் ஆண்டாள் ஊரில்.

இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். "கலெக்டர் கொடுக்கிறதைக் கொடுக்கட்டும், கோர்ட்டில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சைத் தோப்புக்காரர்களிடம் அடிக்கடி கேட்கலாம். பழைய நில எடுப்புச் சட்டத்தில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. சார்பு நீதிமன்றம் புதிதாகச் சாட்சியம் பதிந்து விலையை உயர்த்திய வழக்குகள் ஏராளம். நெடுஞ்சாலை நிலத்துக்கு அந்தக் கதவு கிடையாது. 34ஆம் பிரிவு என்பது மேல்முறையீடு அல்ல. நிலத்தின் விலையை மறுபடி எடைபோட நீதிபதிக்கு அங்கே இடமில்லை. தீர்ப்பில் காரணமே சொல்லப்படவில்லையா, ஒரு தரப்பைக் கேட்காமலே முடித்தார்களா, சட்டத்தை வெளிப்படையாக மீறினார்களா என்று மட்டும்தான் பார்ப்பார். அதற்கும் மூன்று மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் மனு நிற்காது.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. கெட்ட பகுதியை நல்ல பகுதியிலிருந்து பிரிக்க முடிந்தால் பிரிக்கலாம். கணக்குப் பிழை, எழுத்துப் பிழையைச் சரிசெய்யலாம். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியைச் சில சூழல்களில் மாற்றலாம். ஆனால் நிலத்தின் மதிப்பைப் புதிதாக ஆராயும் அதிகாரம் இந்தத் தீர்ப்பிலும் கிடைக்கவில்லை.

ஆகவே நிலத்துக்காரரின் உண்மையான வழக்கு நில எடுப்பு அலுவலர் முன்பும் ஆட்சியர் முன்பும்தான் நடக்கிறது. மேலே போகப் போக நீதிமன்றத்தின் கை சுருங்கிக்கொண்டே வரும். கீழே வைக்காத ஆதாரத்தை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வைக்க முடியாது, டெல்லியிலும் வைக்க முடியாது.

அடங்கலில் இல்லாத மரம்

அந்த முதல் மேசையில் என்ன வைக்க வேண்டும்? 2015 ஜனவரி 1 முதல் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை நெடுஞ்சாலை நிலங்களுக்கும் பொருந்தும். வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். பக்கத்து நிலங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளில் விற்ற பத்திரங்களில், விலை கூடிய பாதியின் சராசரி மறுபக்கம். இரண்டில் எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். கிராமப்புறத்தில் அதை 1 முதல் 2 வரையான காரணியால் பெருக்குவார்கள். அதன் மேல் 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முத்திரைத் தீர்வை மிச்சம் என்று ஊரெல்லாம் உண்மை விலையைக் குறைத்துப் பத்திரம் போட்டு வைத்திருந்தால், அந்தச் சராசரியும் குறைந்துதான் வரும். பதிவு அலுவலகத்தில் மிச்சம் பிடித்த ரூபாய், நிலம் போகும்போது பல மடங்காகக் கைவிட்டுப் போகிறது.

ஒரு தென்னந்தோப்பை எடுத்துக்கொள்வோம். சாலை குறுக்கே போகிறது. போர்வெல் கிழக்கே நின்றுவிட்டது, மரம் மேற்கே நிற்கிறது. எடுத்த நிலத்துக்கு மட்டும் விலை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். 3ஜி பிரிவின் 7ஆம் உட்பிரிவு அதற்கு மேலும் தருகிறது. நிலம் துண்டானதால் வந்த நஷ்டம், மீதி நிலத்துக்கும் அதன் வருமானத்துக்கும் ஏற்பட்ட பாதிப்பு, வீட்டையோ தொழிலையோ இடம் மாற்றும் செலவு எல்லாம் அதில் இருக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கும் காகிதம் வேண்டும். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் 'தரிசு' என்று எழுதியிருக்கும் நிலத்தில் நூறு தென்னை நின்றாலும், அந்த மரங்களுக்காக அதிகாரியிடம் போராட வேண்டும். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் பணம் பங்காளித் தகராறில் முடங்கும். 3ஏ அறிவிக்கை வந்த வாரமே அடங்கல் நகல், புல வரைபடம், மின் இணைப்பு ரசீது, மரங்களைத் தோட்டக்கலைத் துறை மதிப்பிட்ட அறிக்கை, தேதி தெரியும் புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து, எழுத்துபூர்வமாகக் கொடுத்து, முத்திரையோடு ஒப்புதல் வாங்குவது எந்த வக்கீல் வாதத்தையும்விட வலிமையானது.

கோடிகளுக்கும் இதே விதி

பெரிய கம்பெனிகளாவது ஜாக்கிரதையாக இருக்கின்றனவா? டெல்லி விமான நிலைய மெட்ரோ வழக்கைப் பாருங்கள். பாலத்தின் கர்டர்களிலும் பேரிங்குகளிலும் பழுது என்று சொல்லி, அந்தத் தடத்தை நடத்திய கம்பெனி 2012இல் ஒப்பந்தத்தை முறித்தது. 2017இல் நடுவர் தீர்ப்பாயம், அந்தக் கம்பெனிக்கு டெல்லி மெட்ரோ 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தர உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு முறை நின்றது, ஒரு முறை விழுந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக்கொடுத்தது. 2024 ஏப்ரல் 10 அன்று, சீராய்வுக்கும் அடுத்த கட்டமான குறைதீர் மனுவில், அதே உச்ச நீதிமன்றம் தன் 2021 தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் தொகை வட்டியோடு 8,000 கோடியை நெருங்கியிருந்தது. ரயில் ஓடத் தகுதியானது என்று மெட்ரோ பாதுகாப்பு ஆணையர் கொடுத்த சான்றிதழைத் தீர்ப்பாயம் கணக்கில் எடுக்கவில்லை என்பது முக்கியக் காரணம். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டம் கடைசியில் முதல் மேசையில் இருந்த ஒரு காகிதத்தில் வந்து நின்றது.

சொந்த வீட்டுக்காரருக்கு

ராஜபாளையத்தில் சதுர அடி ரேட் பேசி வீடு கட்டுகிறவருக்கும் பாடம் இதுதான். லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு பணம், கூரை காங்கிரீட் போட்டதும் ஒரு பணம் என்று வாய்ப்பேச்சில் ஓடும் வேலை, 'எக்ஸ்ட்ரா வொர்க்' என்ற சொல் வந்ததும் நின்றுவிடுகிறது. யார் சொன்னது, எவ்வளவுக்குச் சொன்னது என்பதற்கு ஒரு வரி எழுத்து இருக்காது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவை வீடு கட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கெடுவுக்குள் முடிப்பது முக்கியம் என்று பேசிய வேலை தாமதமாகி, அதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டால் பிறகு தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும்போதே "நஷ்டஈடு கேட்பேன்" என்று தெரிவித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அனுப்பிய ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ உரிமையைக் காப்பாற்றும்.

தரத்துக்கும் அதேதான். காங்கிரீட் போடும் அன்று 150 மில்லிமீட்டர் கியூப் எடுத்து 28ஆம் நாள் உடைத்துப் பார்த்த அறிக்கை இருந்தால், எம்20 கலவை சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கியதா என்பது விவாதமே இல்லை. கியூப் எடுக்காதவர் பிறகு கூரையில் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். விரிசல் விட்டால் உடனே பூசி மறைக்காமல், நீதிமன்றம் மூலம் வக்கீல் கமிஷனரைப் பொறியாளரோடு வரவழைத்துப் பதிவு செய்ய வேண்டும். பூசிய சுவர் சாட்சி சொல்லாது.

வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். வணிகத் தகராறு என்றால் 3 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள வழக்குக்கு, அவசரத் தடை கேட்காதபட்சத்தில், முதலில் சமரசம் பேசுவது கட்டாயம். 2022இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக்கியது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும். அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை. மேஸ்திரியும் வீட்டுக்காரரும் ஒரே ஊரில், ஒரே கோயில் திருவிழாவில் மறுபடி சந்திக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

செய்ய வேண்டியது

பாரத்தை எல்லாம் விவசாயி தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்குவது நியாயமில்லை. நிலத்தை எடுப்பது அரசு, விலை வைப்பது அரசு அலுவலர், நடுவரும் அரசு அதிகாரி. அப்படியிருக்க நீதிமன்றத்தின் கையையும் கட்டிப்போட்டால், பத்து சென்ட் வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. மற்றச் சட்டத்தில் எடுத்த நிலத்துக்கும் நெடுஞ்சாலை நிலத்துக்கும் இடையிலான பாகுபாட்டை 2021 தீர்ப்பே சுட்டிக்காட்டியது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நெடுஞ்சாலை நிலத்துக்கும் நீதிமன்றத்தில் முழு விசாரணை உரிமையைத் தர வேண்டும்.

அதுவரை மாவட்ட நிர்வாகமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 3ஏ அறிவிக்கை வெளியான ஒவ்வொரு கிராமத்திலும், 21 நாள் முடிவதற்குள், வக்கீலும் சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒன்றாக உட்கார்ந்து முகாம் நடத்தட்டும். பட்டாவைச் சரிசெய்து, அடங்கலில் மரத்தைச் சேர்த்து, துண்டான நிலத்துக்கும் கிணற்றுக்கும் சேர்த்துக் கோரிக்கை மனு எழுதிக் கொடுக்கட்டும். ஆட்சியரும் தன் தீர்ப்பில் ஒவ்வொரு ஆதாரத்தையும் ஏன் ஏற்றார், ஏன் தள்ளினார் என்று காரணம் எழுதட்டும். முதல் மேசையில் நியாயமாக நடந்த வழக்குக்கு இரண்டாவது மேசை தேவைப்படாது. விவசாயி பணத்தோடு வீட்டுக்குப் போவார், சாலையும் காலத்தோடு முடியும்.