ஒத்திகை வானம்

2019 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை. பெங்களூரு எலஹங்கா விமானப்படைத் தளத்தில் மறுநாள் ‘ஏரோ இந்தியா’ கண்காட்சி தொடங்க வேண்டும். முற்பகலில் சூர்யகிரண் சாகசக் குழுவின் ஹாக் விமானங்கள் ஒத்திகைக்குக் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் அவற்றில் இரண்டு நடுவானில் மோதிக்கொண்டு, குடியிருப்புகளை ஒட்டி விழுந்தன. விங் கமாண்டர் விஜய் ஷெல்கேவும் ஸ்குவாட்ரன் லீடர் தேஜேஸ்வர் சிங்கும் காயங்களோடு பிழைத்தார்கள். ஹரியாணாவின் ஹிசாரைச் சேர்ந்த விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்துபோனார்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மக்களுக்கு பெங்களூரு கிட்டத்து ஊர்தான். ரயில் பிடித்துப் போய்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அப்படிப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது சில நிமிட சாகசத்தை. அந்தச் சில நிமிடங்களுக்காக நடக்கும் மாதக்கணக்கான பயிற்சியைப் பார்க்க யாரும் கூடுவதில்லை. சூர்யகிரணின் மூன்று உயிர்ப்பலி விபத்துகளும் அந்தப் பயிற்சி வேளைகளில்தான் நடந்தன.

இந்தக் குழுவின் கதையில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. 1996இல் கர்நாடகத்தின் பீதரில் உருவான சூர்யகிரண், பொதுமக்கள் முன்னால் முதன்முதலாகப் பறந்தது கோயம்புத்தூரில். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, விமானப்படை நிர்வாகக் கல்லூரியின் பொன்விழாவில். அப்போது அவர்கள் ஓட்டியது நம் நாட்டிலேயே தயாரான கிரண் பயிற்சி விமானம்.

பத்தாம் ஆண்டில் முதல் அடி விழுந்தது. 2006 மார்ச் 18 அன்று, பீதர் அருகே பயிற்சியில் விங் கமாண்டர் தீரஜ் பாட்டியாவும் ஸ்குவாட்ரன் லீடர் சைலேந்தர் சிங்கும் மாண்டார்கள். 2009 ஜனவரி 21 அன்று, அதே பீதர் அருகே, மீண்டும் ஒரு பயிற்சியில் விங் கமாண்டர் ஆர்.எஸ். தலிவால் உயிரிழந்தார். புதிய விமானிகளுக்குப் பயிற்சி தர கிரண் விமானங்கள் தேவைப்பட்டதால் 2011இல் குழு நிறுத்தப்பட்டது. 2015இல் ஹாக் விமானங்களோடு திரும்பி வந்தது.

இந்த வேலை எவ்வளவு நெருக்கடியானது? அணியாகப் பறக்கும்போது ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மீட்டர்கூட இருக்காது. பக்கத்தில் பறக்கும் விமானி தன் முன்னாலுள்ள கருவிகளையோ தரையையோ பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முன்னால் போகும் விமானத்தின் உடலில் பார்த்து வைத்த ஓரிரு இடங்களை விட்டுக் கண் நகரக் கூடாது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் நொடிக்குக் கிட்டத்தட்ட 140 மீட்டர் கடக்கும். இரண்டு எதிரெதிரே வந்து விலகும் சாகசத்தில் இடைவெளி நொடிக்கு 280 மீட்டர் சுருங்கும்.

கடைசித் துணை, விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை. ஹாக்கில் இருப்பது, தரையில் அசையாமல் நிற்கும் விமானத்திலிருந்தும் உயிர் காக்கக்கூடிய மார்ட்டின் பேக்கர் இருக்கை. ஆனால் தாழ்வான உயரத்தில் விமானம் கவிழ்ந்தோ செங்குத்தாக இறங்கியோ கொண்டிருந்தால் பாராசூட் விரிய நேரம் இருக்காது.

தலைவனை நம்பித்தான் மற்றவர்கள் பறக்கிறார்கள். அந்த நம்பிக்கையின் விலையை 1982 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் ‘தண்டர்பேர்ட்ஸ்’ குழு கொடுத்தது. நெவாடா பாலைவனத்தில், பக்கம் பக்கமாகப் பறந்து வட்டமடித்து இறங்கும் பயிற்சி. தலைவரின் விமானத்தில் கட்டுப்பாட்டுக் கருவி சிக்கிக்கொண்டதால் அது மேலெழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு வந்த மூவரும் கூடவே தரையில் மோதினார்கள். நான்கு பேரும் அங்கேயே இறந்தார்கள்.

அங்கே காரணம் கண்டறியப்பட்டு ஊரறியச் சொல்லப்பட்டது. பிரிட்டனிலும் அப்படித்தான். 2018 மார்ச் 20 அன்று வேல்ஸில் ‘ரெட் ஆரோஸ்’ குழுவின் ஹாக் ஒன்று பயிற்சியில் விழுந்து, அதில் சென்ற பொறியியல் பணியாளர் ஜோனதன் பேலிஸ் இறந்தார். அந்த விசாரணை அறிக்கை அடுத்த ஆண்டே வெளியானது. யாரும் எடுத்துப் படிக்கலாம். இந்திய விமானப்படையின் விசாரணை அறிக்கைகளோ பொதுவாக வெளியே வருவதில்லை.

காரணம் தெரிவதன் அருமை தோல் பதனிடும் ஊர்களுக்குத் தெரியும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். உடைந்தது எந்தச் சுவர், அதற்குள் என்ன தேக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்ததால்தான் மற்ற தொட்டிகளைப் பற்றியும் கேள்வி கேட்க முடிந்தது. பாதுகாப்பு ரகசியங்களை நீக்கிவிட்டாவது எலஹங்கா, பீதர் அறிக்கைகளை வெளியிடலாம். மாண்டவர்களின் குடும்பங்களுக்கும், 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் சூர்யகிரணைப் பார்த்துக் கைதட்டிய லட்சக்கணக்கானோருக்கும் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

அடுத்த வாரம்: சூலூரின் ‘சாரங்’ ஹெலிகாப்டர் குழுவும், ஸ்குவாட்ரன் லீடர் பிரியே சர்மா உயிரிழந்த 2007 பிப்ரவரி 2 ஒத்திகையும். அதுவும் எலஹங்காவில், அதுவும் ஒரு ஏரோ இந்தியாவுக்குச் சில நாட்கள் முன்பு.

(தொடரும்)