மின்போறணையும் புவித்தொடுப்பும்

வீட்டு மின்போறணை வெப்பமடையாது நின்றுவிடுவதையே நாம் பெரும் பழுதெனக் கருதுகிறோம். ஆயின் பழுதுற்ற பின்னரும் வழமைபோல் வெப்பம் தரும் போறணையே கூடிய ஆபத்துடையது. இதனை விளங்கிக்கொள்ள வெப்பமூட்டியின் அமைப்பை நோக்குதல் வேண்டும்.

1906இல் அல்பேட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல் - குரோமியக் கலப்புலோகமே பெரும்பாலும் இதன் கம்பிச் சுருளாகிறது. சூடேறுகையில் தோன்றும் குரோமிய ஒட்சைட்டுப் படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. சுருள் ஓர் உலோகக் குழாயின் நடுவே அமைந்திருக்க, சுற்றிலும் மகனீசிய ஒட்சைட்டுத் தூள் இறுக அடைக்கப்பட்டிருக்கும். இத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்னைத் தடுக்கும்.

பழுதுகள் பிரதானமாக இருவகைப்படும். முதலாவது, கம்பி அறுதல். மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்குவதால் படலம் வெடிக்க, கம்பி ஓரிடத்தில் மெலிகிறது. மெலிந்த இடத்தில் தடை கூடுகிறது. அதனால் வெப்பம் கூடுகிறது. அதனால் மேலும் மெலிகிறது. ஈற்றில் கம்பி அறுந்து போறணை குளிர்ந்துவிடும்.

இரண்டாவது, மின்கசிவு. மகனீசிய ஒட்சைட்டு ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நெடுநாள் பயன்படுத்தப்படாத போறணையில் குழாயின் முனைகளினூடு ஈரம் புகுந்தால், மின் வெளிக்குழாய்க்குக் கசியும். புவித்தொடுப்பு இருப்பின் கசிவு நிலத்தை அடையும். 30 மில்லியம்பியர் அளவில் இயங்கும் கசிவுத் துண்டிப்பான் மின்சாரத்தை நிறுத்தும். உருகி இதனைச் செய்யாது. 230 வோல்ற்றில் இயங்கும் 2000 வாற்றுப் போறணை ஏறக்குறைய 8.7 அம்பியரைப் பெறும். அதற்கான 13 அம்பியர் உருகி ஓர் அம்பியர்க் கசிவை உணராது. உடலினூடு பாயும் சில பத்து மில்லியம்பியரோ உயிரைப் பறிக்க வல்லது.

இங்கேதான் தவறு நேர்கிறது. மின்சாரம் அடிக்கடி துண்டிக்கப்படுகிறதெனச் சினந்து, சிலர் புவிக்கம்பியைக் கழற்றிவிடுகின்றனர். போறணை இயங்குகிறது, 'பழுது நீங்கியது' என்கின்றனர். உண்மையில் நீங்கியது எச்சரிக்கையே. இனி அப்போறணையின் உலோக உடலைத் தொடும் மனிதரே புவிக்கம்பியாவார். அவர் பெரும்பாலும் ஈரக்கையுடன் அடுக்களையில் நிற்கும் பெண்; அல்லது கூலிக்கு அமர்த்தப்பட்ட பணியாளர். கம்பியைக் கழற்றுமாறு பணித்தவர் அங்கு நிற்பதில்லை.

எனவே துண்டிப்பான் விழும்போது சொருகியைக் கழற்றி, 500 வோல்ற்றுச் சோதனைக் கருவியால் காவற்றடையை அளப்பித்து, வெப்பமூட்டியை மாற்றுவதே முறையாகும். வாடகை வீடாயினும் பழைய வீடாயினும், புவித்தொடுப்பும் துண்டிப்பானும் வசதிகளல்ல. அங்கு வாழ்வோரினதும் உழைப்போரினதும் உரிமைகளென்றே நாம் கொள்ளுதல் வேண்டும்.