புல்டாக் வாங்கும் முன் அதன் மூச்சைக் கேளுங்கள்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் நாட்டுநாய் வளர்க்க யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்ணையில் படுக்கும், வயலுக்குக் கூடவே வரும், வெயில் ஏறினால் தானே நிழல் தேடிக்கொள்ளும். அதே வாசலுக்கு ஒரு புல்டாக் குட்டி வந்தால் வீட்டின் வழக்கமே மாறியாக வேண்டும். குணத்தில் குறை சொல்ல முடியாத நாய் அது. குழந்தைகளிடம் பொறுமையாக இருக்கும், ஓயாமல் குரைக்காது, நாள் முழுக்க ஓடியாட வேண்டும் என்று அடம்பிடிக்காது. அதற்குள்ள சங்கடமெல்லாம் முகத்தில்தான்.

இங்கிலாந்தில் கட்டிப்போட்ட காளையின் மேல் நாயை ஏவிவிடும் கொடூரமான விளையாட்டு ஒன்று இருந்தது. அதற்காக வளர்க்கப்பட்ட நாய்களின் வழிவந்ததுதான் புல்டாக். 1835இல் அந்த விளையாட்டு சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தக் காலத்து ஓவியங்களில் காணும் புல்டாக்குக்குக் கால்கள் உயரம், மூக்கும் ஓரளவு நீளம். பின்னால் நாய்க் கண்காட்சிகள் பெருகியபோது, முகம் சப்பையாக இருந்தால் அழகு என்று தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்டவற்றையே இணைசேர்த்தார்கள். இன்றைய முகம் அப்படி மனிதர்கள் உண்டாக்கியது.

முக எலும்பு குட்டையானதே தவிர, அதற்குள் இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. அண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டையை அடைக்கிறது. மூக்குத் துவாரம் வட்டமாக விரியாமல் கீறல்போல ஒடுங்கியிருக்கிறது. பல நாய்களுக்கு மூச்சுக்குழாயும் குறுகல். புல்டாக் குறட்டை விடுவதைச் செல்லமாகப் பார்க்கிறோம். காற்று தடைபட்டுப் போய்வருகிற சத்தம் அது.

நமக்குப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக இரைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடல் குளிர்கிறது. பாதை அடைபட்ட புல்டாக் காற்றை இழுக்கவே அதிகம் உழைக்க வேண்டும். அந்த உழைப்பு உடல் சூட்டை இன்னும் ஏற்றும், தொண்டை வீங்கும், பாதை மேலும் குறுகும். போதாக்குறைக்கு நம்முடையது கடலோர ஊர். புழுக்கமான நாளில் ஈரம் சீக்கிரம் ஆவியாவதில்லை. அதனால் கத்திரி வெயிலில் மட்டும் கவனமாக இருந்தால் போதாது; மழைக்கு முந்தைய மூட்டமான பிற்பகலும் இந்த நாய்க்கு ஆபத்துதான்.

நடத்திக் கூட்டிப்போவதை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கொட்டகையிலோ மொட்டைமாடியிலோ கட்டாதீர்கள். காற்றோட்டமான அறை, குளிர்ந்த தரை, மின்விசிறி, எப்போதும் தண்ணீர் வேண்டும். மின்சாரம் நின்றால் கவனிக்கப் பகலில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். கழுத்துப்பட்டை தொண்டையை இறுக்கும். மார்போடு சேர்த்துக் கட்டும் வார் நல்லது. வளர்ந்த நாயின் எடை 25 கிலோவை ஒட்டி இருக்கலாம். அதற்குமேல் கொழுக்கவிட்டால் மூச்சுக்குத்தான் கேடு. தலை கனம், கால் குட்டை என்பதால் நீந்தவும் வராது. ஏரிக்கரையிலும் பம்புசெட்டுத் தொட்டி அருகிலும் கயிற்றைக் கையைவிட்டு விடாதீர்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இரைப்பு அடங்காமல் எச்சில் வழிந்தால், ஈறு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால், கால் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி மூடிவைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். குளிரவைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

முக மடிப்புகளைத் தினமும் விரித்துப் பாருங்கள். அடியில் ஈரமும் அழுக்கும் தேங்கினால் தோல் சிவந்து நாற்றம் வரும். துடைத்தபின் நன்றாக உலர்த்துவதுதான் முக்கியம். காது மடல், விரல் இடுக்கு, வால் அடி எல்லாவற்றிலும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களைச் சாகடிக்கும் நோய்களில் ஒன்று. உண்ணி சுவர் வெடிப்பிலும் முட்டையிடும் என்பதால் நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கித் தவறாமல் போடுங்கள்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாயையும் தந்தையையும் நடக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் துரிதமாக நடக்கவிட்டு, முன்னும் பின்னும் மூச்சைக் கேட்டுத் தரம் பிரிக்கும் முறையை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். நாலடி நடந்ததும் கரகரவென்று இழுக்கும் பெற்றோரின் குட்டி வேண்டாம். குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம். பெரும்பாலான பிரசவம் அறுவை சிகிச்சைதான். எனவே வீட்டிலேயே குட்டி போடவைத்து விற்கும் எண்ணமும் வேண்டாம். வில்லியனூருக்கு அருகே குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டி வந்த வாரமே மருத்துவரிடம் மூக்கையும் தொண்டையையும் காட்டிவிடுங்கள். துவாரம் மிகவும் ஒடுங்கியிருந்தால் அறுவை சிகிச்சையால் அகலப்படுத்த முடியும்.

இதற்கெல்லாம் ஆளும் நேரமும் பணமும் உள்ள வீட்டில் புல்டாக் நிம்மதியாக வாழும். பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீடு என்றால், வெட்டவெளியில் காவலுக்கு நிற்க ஒரு நாய் வேண்டும் என்றால், புல்டாக்கைக் கொண்டுவந்து வதைக்காதீர்கள். தெருவில் பிறந்த நாட்டுநாய்க் குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்த்துப் பாருங்கள். அதன் மூக்கு இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்ற மூக்கு.