செதுக்குவதா, அடுக்குவதா?

கஞ்சிக்கோட்டுக் கடைசல் பட்டறைகளில் சுருள் சுருளாகக் குவிந்து கிடக்கும் இரும்புச் சீவல்களை நான் கண்டதுண்டு. வேண்டாததைச் சீவித் தள்ளி வேண்டியதைப் பெறுவது பழைய முறை. புதிய முறையோ இதற்கு நேர்மாறானது. உலோகத் தூளை மயிரிழைக் கனத்தில் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் ஒளியால் உருக்குகிறார்கள். அது உறைந்ததும் மேலே மீண்டும் தூள், மீண்டும் ஒளி. இவ்வாறு அடுக்கடுக்காக உறுப்பு வளர்கிறது.

பயன் என்ன? பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினை இஸ்ரோ இம்முறையில் செய்து, 2024 மே 9ஆம் நாள் நெல்லைச் சீமை மகேந்திரகிரியில் 665 வினாடிகள் எரித்துச் சோதித்தது. 14 உறுப்புகள் ஒன்றாயின. 19 பற்றவைப்புகள் மறைந்தன. 565 கிலோ உலோகம் வேண்டியிருந்த இடத்தில் 13.7 கிலோ தூளே போதியதாயிற்று!

ஆனால், நண்பர்களே, இடரும் உண்டு. லேசரின் வலு குறைந்தால் தூள் முழுதும் உருகாது; மிகுந்தாலோ உலோகம் கொதித்துக் குமிழிகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். இரண்டாலும் வெளியே தெரியாத நுண்துளைகள் உண்டாகும். நாளை விரிசல் தொடங்குவது அங்கேதான். ஒவ்வோர் உலோகக் கலவைக்கும் ஏற்ற வலுவையும் வேகத்தையும் கண்டறிவதே எங்கள் துறையின் பெரும்பணி. பொறுமையுள்ள தமிழ் மாணவர்க்கு இங்கே வேலை நிரம்ப இருக்கிறது.