தாடைப் பட்டையும் சட்டமும்

இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான சாலை விதிகள் பொதுமக்கள் மனத்தில் அபராதத் தொகைகளின் பட்டியலாகவே பதிந்திருக்கின்றன. அந்த விதிகளின் சொற்களுக்குள் மோதலைப் பற்றியும் மனித உடலைப் பற்றியும் சேர்ந்துள்ள அறிவு அரிதாகவே கவனிக்கப்படுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ள 129ஆம் பிரிவு இதற்கு நல்ல சான்று. தலைக்கவசம் அணியவேண்டும் என்று கூறுவதோடு நில்லாமல், தலைக்கவசம் என்றால் எது என்பதையும் அப்பிரிவு வரையறுக்கிறது: அது தன் வடிவத்தாலும் பொருளாலும் அமைப்பாலும் விபத்தில் ஓரளவு பாதுகாப்புத் தரும் என்று நியாயமாக எதிர்பார்க்கத் தக்கதாக இருக்கவேண்டும்; அதனுடன் உள்ள பட்டையால் அணிபவரின் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டும் இருக்கவேண்டும். ஆகவே, காவலரைத் தொலைவில் கண்டதும் எடுத்துக் கவிழ்க்கப்படும், தாடைப் பட்டை மாட்டப்படாத ஹெல்மெட், சட்டத்தின் பார்வையில் ஹெல்மெட்டே அன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 194டி பிரிவு இக்குற்றத்துக்கு 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் விதிக்கிறது. தமிழ்நாட்டில் 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022 அக்டோபரில் இந்த அளவுக்கு உயர்ந்தது.

பட்டைக்கு இத்தனை முக்கியத்துவம் தரப்பட்டதன் காரணம் மோதலின் இயல்பில் இருக்கிறது. வாகனத்திலிருந்து தூக்கியெறியப்படுபவரின் தலை ஒருமுறை மட்டும் மோதி நிற்பதில்லை. எதிர் வாகனத்தின் மீதும், பிறகு தரையிலும், சில வேளைகளில் நடுத்தடுப்பிலும் அடுத்தடுத்து மோதுகிறது. மாட்டப்படாத கவசம் முதல் அதிர்விலேயே கழன்று பறந்துவிடுவதால் அடுத்த மோதலை வெறுந்தலையே தாங்க நேர்கிறது. கவசத்தின் வேலையும் பலர் எண்ணுவதுபோல் கடினமான மேலோட்டால் மட்டும் நடப்பதில்லை. ஓடு மோதலின் விசையைப் பரவலாக்குகிறது. அதற்குள்ளே இருக்கும், தெர்மோகோல் வகையைச் சேர்ந்த அடர்ந்த நுரை அடுக்கு நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தை நொடியில் ஆயிரத்தில் சில பங்கேனும் நீட்டுகிறது. மண்டையோடு சட்டென்று நின்றாலும் உள்ளிருக்கும் மூளை தன் வேகத்தில் தொடர்ந்து நகர்ந்து எலும்புச் சுவரில் மோதுகிறது என்பதால், இந்தச் சிறு கால நீட்சியே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரமாகிறது. நசுங்கிய நுரை மீண்டும் எழாது. பலத்த அடி வாங்கிய கவசம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் கழிக்கப்படவேண்டியதே. கட்டடத் தொழிலாளர்களுக்கான தொப்பியைச் சிலர் வண்டியிலும் அணிவதுண்டு. மேலிருந்து விழும் பொருளைத் தடுப்பதற்கென்று செய்யப்பட்ட அது, பக்கவாட்டில் தார்ச்சாலையில் மோதும் தலைக்கு உதவ முடியாது. ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தரநிர்ணயத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசங்களை மட்டுமே தயாரிக்கவும் விற்கவும் வேண்டும் என்னும் ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருந்தும், சாலையோரக் கடைகளில் முத்திரையில்லாதவை மலிவாகக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கவசத்தைப் பற்றிய இந்த அறிவு மருத்துவமனையிலிருந்து பிறந்தது. 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்த, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என அறியப்பட்ட டி. ஈ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர். போர்க்காலத்தில் இராணுவத் தூதஞ்சல் ஓட்டிகளின் தலைக்காயங்களை அவர் ஆராய்ந்து 1941இல் வெளியிட்ட கட்டுரை, மோதல் கவசத்தின் பயனை மருத்துவ உலகின் முன் வைத்தது. பிரிட்டன் இராணுவம் அவ்வாண்டே தன் ஓட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது சட்டமாக 1973 வரை ஆயிற்று. அதன்பின் பல ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்டவர்கள், கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கணித்துள்ளனர்.

தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையையொட்டி 2015 ஜூலை 1 முதல் கவசம் கண்டிப்பாக்கப்பட்டபோது, ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னிருக்கையில் அமர்பவரும் அதனுள் அடக்கம். வழக்கத்தில் ஓட்டுபவரின் தலையே கணக்கில் வருகிறது. பின்னால் அமரும் மனைவிக்கோ தாய்க்கோ கவசம் வாங்கிய வீடுகள் குறைவு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 50,029 பேர் கவசம் அணியாத இருசக்கர வாகனப் பயணிகள். அவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர்கள். பின்னால் ஒருவருக்குமேல் ஏற்றக்கூடாது என்னும் 128ஆம் பிரிவும், அவ்வொருவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும் இருக்கவேண்டும் என்னும் விதியும் அவரை நினைத்தே எழுதப்பட்டவை. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் அந்த விதியில் உண்டு. ஒருபக்கமாக அமரும் பெண்ணின் சேலை முந்தானை ஆரக்கம்பியில் சிக்கும் அபாயம் சட்டநூலில் இடம்பெற்றது இப்படித்தான். அந்தக் காப்பையே ஊரார் சாரி கார்டு என்கிறார்கள். புது வண்டியின் அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிவிடும் இளைஞர்கள் அக்காப்பின் வேலையை அறியாதவர்கள்.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 2023 பிப்ரவரி முதல் தனி விதி உண்டு: குழந்தை ஓட்டுபவரோடு பாதுகாப்பு வார்களால் பிணைக்கப்படவும், ஒன்பது மாதம் நிறைந்ததாயின் தலைக்குப் பொருந்தும் கவசம் அணியவும், வண்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லாதிருக்கவும் வேண்டும். இந்த வேக வரம்பு வெறும் எச்சரிக்கையுணர்வால் எழுந்தது அன்று. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 40இல் செல்வதைவிட ஒன்றரை மடங்கு வேகம் கொண்டதாயினும், இரண்டேகால் மடங்கு ஆற்றலோடு மோதுகிறது.

வண்டி வாங்கும்போதே தரமுத்திரை பெற்ற கவசம் ஒன்றைத் தயாரிப்பாளர் தரவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆம் விதி நெடுங்காலமாகக் கூறிவருகிறது. அதை இரண்டாக்க முன்மொழியும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2025 ஜூனில்தான் வெளியிட்டது. சட்டம் இரண்டு தலைகளுக்குக் கவசம் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும், விதி வாங்கித் தந்தது ஒரு தலைக்கு மட்டுமே.