குசினி அலுமாரியைக் கழற்றி எறியுமுன்…

பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கையிலேயே வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் பூசத் தொடங்குவது நம்மவர் வழக்கம். சுவர் பளிச்சென்று ஆனதும் குசினி அலுமாரிகள் முன்னைவிடக் கறுத்துத் தெரியும். ஒரு கதவு தொங்குகிறது, லாச்சி பாதியில் இறுகி நிற்கிறது, கை படும் இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. "இதையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாகப் பென்ரி கபட் அடிப்போம்" என்ற பேச்சு அப்போதுதான் எழும். ஓடாவியார் வந்து அளவெடுத்துத் தொகையைச் சொன்னதும் அந்தப் பேச்சு காப்பை அடகு வைப்பதா, சீட்டை எடுப்பதா என்று மாறிவிடும். 2022இல் ரூபாயின் மதிப்பு விழுந்த பிறகு பலகையோ பிணைச்சலோ பழைய விலைக்குத் திரும்பவில்லை என்பதை ஹாட்வெயார் கடைக்குப் போனவர்கள் அறிவார்கள்.

சகோதரிகளே, காப்பைக் கழற்றுமுன் அலுமாரியின் உடம்பைச் சற்றுத் தட்டிப் பாருங்கள். முதிரை, தேக்கு, பலா போன்ற மரத்தில் செய்த பழைய அலுமாரி என்றால் அதை எறிவது பெரிய நட்டம். அந்தப் பலகையை இன்று வாங்கப் போனால்தான் அதன் அருமை தெரியும். சிப் போர்ட்டில் செய்ததென்றால் சின்க்கின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் குடித்து ஊதிய சிப் போர்ட் மீண்டும் பழைய நிலைக்கு வராது. எத்தனை பூச்சுப் பூசினாலும் வீண். ஆனால் ஊதிய அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றினால் போதும், முழு அலுமாரியையும் அல்ல. மண் கோடு ஓடியிருந்தால் கறையான். அதற்கு மருந்து அடிக்காமல் வேறெந்த வேலையும் தொடங்க வேண்டாம்.

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் மாமியின் குசினி அலுமாரி பலா மரத்தில் செய்தது. அதன்மேல் நாற்பது வருடத்துப் பச்சை எனமல். அதைச் சுரண்டித் தேய்க்க நாங்கள் உட்கார்ந்தபோது பேரப்பிள்ளை பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது. பழைய எனமல் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. நமது நாட்டில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சைக் காய்ந்தபடியே தேய்த்தால் தூள் பறந்து தரையிலும் பாத்திரத்திலும் படியும். தரையில் விளையாடும் பிள்ளை கையை வாயில் வைக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இவ்வளவு போனால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

ஆகவே பழைய பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சேண்ட் பேப்பரால் மேற்பரப்பின் மினுமினுப்பு போகுமட்டும் ஈரமாகத் தேய்த்தால் போதும். கதவுகளைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய், முகத்தை மூடிக்கொண்டு செய்யுங்கள். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பூச்சு தானாகவே செதிள் செதிளாக உதிர்கிறதென்றால் காரமறிந்த பாஸ் ஒருவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

தேய்க்குமுன் கழுவ வேண்டும். இதைச் செய்யாமல் நான் பட்டது போதும். எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே தேய்த்துப் பூசிய பெயின்ட், இரண்டே மாதத்தில் அடுப்புப் பக்கம் தோல்போல உரிந்து வந்தது. வாஷிங் சோடாவை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் இரு தடவை துடையுங்கள். ஒரு நாள் நன்றாகக் காயட்டும்.

கதவு தொங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் பிணைச்சல் அல்ல, ஆணி இருக்கும் துளை தேய்ந்துபோவதுதான். மருந்து முனையை உடைத்தெறிந்த தீக்குச்சிகளை மரப் பசையில் தோய்த்துத் துளைக்குள் இறுக்கி, காய்ந்ததும் வெட்டிவிட்டு ஆணியை மீண்டும் முடுக்குங்கள். ஓடாவியார் கூலி மிச்சம். லாச்சி இறுகினால் ஓடும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும். புதுக் கைபிடி வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரு துளைகளுக்கும் இடையிலான தூரம் பொருந்தாவிட்டால் கதவெல்லாம் புதுத் துளை போட நேரும்.

பூச்சுக்கு முதலில் ப்ரைமர், அதன்மேல் எனமல் இரண்டு தடவை, இரண்டும் மெல்லியதாக. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் வழிந்து காயும். டேர்ப்பன்டைன், தின்னர் திறந்திருக்கும் நேரம் கேஸ் அடுப்பும் விளக்கும் எரியக் கூடாது. வெள்ளை நிறத்துக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எண்ணெய் எனமல் வெள்ளை, வெளிச்சம் குறைந்த குசினியில் மஞ்சளித்துவிடும். வெளிர் சாம்பலோ சந்தன நிறமோ எனக்குப் பிடிக்கும், அழுக்கும் சட்டென்று தெரியாது. கடைகளில் விற்கும் ஒட்டும் ஸ்டிக்கர் தாள் லாச்சியின் உள்ளே ஒட்ட நல்லதுதான்; அடுப்புக்கு அருகில் ஒட்டினால் சூட்டில் ஓரம் சுருண்டுவிடும்.

கிழக்கில் இருப்பவர்கள் மாரி மழைக்குமுன் இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். தொட்டால் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் எனமல் உள்ளே இறுகச் சில நாட்கள் ஆகும். அதுவரை கதவுகளை மூடாமல் விடுங்கள், பாத்திரங்களை அடுக்கவும் வேண்டாம். கழற்றும்போதே ஒவ்வொரு கதவின் உட்பக்கமும் பென்சிலால் எண் போட்டுவைத்திருந்தால் மாட்டும்போது எந்தக் கதவு எங்கே என்ற சண்டை வராது.