ஆனையிறவு: தண்ணீரைப் பிரித்த தாம்போதி

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போனால், பரந்தன் கழிந்த பிறகு மரநிழல் அற்றுப்போய், இருபுறமும் உவர்த்தரையும் பரவைக்கடலும் விரியும். வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஆனையிறவுத் தாம்போதி இதுதான்.

இங்கே நீர் ஆழமில்லை. அதனால் முன்பு வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை இவ்வழியே நடத்திப்போய் ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே ஒரு கோட்டை இருந்தது. 1905இல் ரயிலும் இதன் வழியே யாழ்ப்பாணத்தை வன்னியோடு இணைத்தது. 2000 ஏப்ரலில் இங்கிருந்த இராணுவத் தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் அதை மீளக் கைப்பற்றியது.

ஆட்களையும் வண்டிகளையும் கடத்திவிடும் இந்தத் தாம்போதி, தண்ணீரை இரண்டாகப் பிரிக்கவும் செய்கிறது. மேற்கே இருப்பது கடலோடு கலந்த யாழ்ப்பாண நீரேரி. கிழக்குப் பகுதிக்குள் மாரியில் கனகராயன் ஆறு வந்து விழுகிறது. இரணைமடுக் குளம் வான் பாயும்போது அந்த வெள்ளமும் சேர்கிறது. மட்டம் உயர்ந்தால் சுண்டிக்குளத்தில் மணல்திட்டு உடைந்து, நல்ல தண்ணீர் கடலுக்குப் போய்விடும். கோடையில் வெயிலும் சோளகமும் எஞ்சியதை வற்றடிக்க, உப்பு மிஞ்சும். அந்த வெயிலையும் காற்றையும் நம்பியே ஆனையிறவு உப்பளம் உருவானது.

ஓடிப்போகும் வெள்ளத்தைப் பிடித்து வைத்தால் என்ன? வற்றாத ஆறே இல்லாத, சுண்ணக்கற் கிணறுகளை நம்பிய குடாநாட்டுக்காக, நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டத்தின் கரு இதுதான். தாம்போதியின் திறப்புகளை அடைத்து மேற்கு உவர்நீரைத் தடுப்பது. சுண்டிக்குளத்தில் அணையும் வான்கட்டும் அமைப்பது. முள்ளியானில் சுமார் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி, தேங்கும் நீரை வடமராட்சி நீரேரிக்கு அனுப்புவது. தொண்டைமானாற்றில் கதவணையால் கடலை மறிப்பது. ஆண்டுதோறும் மழைநீர் உவரைக் கழுவிவிட, நிலத்தடி நீரும் மெல்ல நன்னீராகும்.

வேலைகளில் ஒரு பகுதி நடந்தது. ஆனால் சுண்டிக்குள அணை வெள்ளத்தில் உடைந்தது, வாய்க்காலும் முடியவில்லை. ஒரு முனை திறந்து கிடந்தால் மறுமுனையை அடைத்துப் பயனில்லை. திட்டம் நிறைவேறினாலும் ஒரு சிக்கல் உண்டு: நீரேரி நன்னீரானால் உவர்நீரில் வளரும் இறாலை நம்பிய தொழிலாளருக்கு இழப்பு, தோட்டக்காரருக்கு ஆதாயம். ஆகவே இத்திட்டத்தை மீண்டும் கையிலெடுப்பவர்கள் கனகராயன் ஆற்றின் பெருவெள்ளத்தைத் தாங்கும் வான்கட்டுக்குக் கணக்குப் போடும்போதே, இறால் பிடிப்பவரின் வருமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.